நைனாவுக்கு நெஞ்சு ஆபரேஷன், 50 நாள் ட்யூபோட இருந்த அனுபவம்

எங்க நைனாவுக்கு வலது பக்க நெஞ்சுல சீழ் கட்டி, ட்யூப் போட்டு, அதுல சரியாவாம கடைசில விலாவைத் தொறந்து ஆபரேஷன் பண்ண வேண்டியதாப் போச்சு. ஆஸ்பத்திரில உக்காந்துக்கினு ராத்திரி ராத்திரி போன்ல தேடுவேன், தமிழ்ல இதைப் பத்தி வீட்டு ஆளுங்க எழுதினதா எனக்கு ஒண்ணும் மாட்டல. அதான் நானே எழுதறேன். ரெண்டு ஆஸ்பத்திரி பாத்தோம், முதல்ல எங்க ஏரியா பக்கத்துல ஒரு பிரைவேட் நர்சிங் ஹோம், அப்புறம் சிட்டில ஒரு கவர்மென்ட் ஆஸ்பத்திரி, நெஞ்சு ஆபரேஷனுக்குன்னு தனி டிபார்ட்மென்ட் இருக்கற இடம். ரெண்டு ஆஸ்பத்திரியோட பேரையும் இங்க போடல.

நைனா சென்னை காசிமேடு மீன் துறைமுகத்துல ஐஸ் உடைக்கற வேலை, வயசு 57. விடியக்காலம் ரெண்டு மணிக்குப் போவாரு, ஈரம், குளிரு, அதுக்கு மேல பீடி, அதனால இருமல்ங்கறது வீட்டுல எப்பவும் கேக்கற சத்தம் மாதிரி ஆயிடுச்சு, ஜனவரில அது ஜாஸ்தியானப்ப மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு விட்டுட்டோம். சாயங்காலமானா ஜுரம், ராத்திரி பனியன் பிழியற அளவு வேர்வை. ஒரு நாள் வலது பக்கம் குத்துதுன்னு சொல்லி ஒருக்களிச்சுப் படுத்தவரு எழுந்துக்கவே முடியல. நர்சிங் ஹோமுக்குத் தூக்கினு ஓடினோம்.

அங்க எக்ஸ்ரே எடுத்துட்டு நெஞ்சுல நீர் கட்டியிருக்குன்னு ஊசி போட்டுப் பாத்தா நீர் இல்ல, சீழு. அன்னிக்கே ஐசிடி ட்யூப் போட்டாங்க, அதாவது விலாவுக்கு நடுவுல ஒரு குழாயை விட்டு சீழை வெளிய ஒரு பாட்டில்ல எறக்கறது, அது சரியான வைத்தியம்தான், அதுல எனக்குக் குறை இல்ல. என் குறை அதுக்கப்புறம்தான். 19 நாள் அங்கயே வச்சிருந்தாங்க. பாட்டில்ல வர்றது நின்னு போச்சு, ஆனா ஜுரம் நிக்கல, எக்ஸ்ரேல வெள்ளையா இருந்த எடம் அப்படியே இருக்கு. ஒவ்வொரு ஆன்டிபயாடிக்கா மாத்திக்கினே இருந்தாங்களே தவிர ஒரு சிடி ஸ்கேன் எடுக்கணும், ஆபரேஷன் டாக்டர் ஒருத்தர் பாக்கணும்னு ஒருத்தரும் வாயைத் தொறக்கல. அம்மா தாலிக்கொடியை அடகு வச்சுது. 20வது நாள் "வீட்டுக்குக் கூட்டினு போங்க, ட்யூபோட இருக்கட்டும், தானா சரியாவும்"னு அனுப்பிட்டாங்க. 8 நாள் தண்டையார்பேட்டைல எங்க மாடி வீட்டுல பாட்டிலைப் பிடிச்சுக்கினு பாத்ரூம் போனாரு மனுஷன். இப்ப நெனச்சாலும் வயிறு எரியுது.

இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன், தயவு செஞ்சு படிங்க. நெஞ்சுல சீழ் கட்டினா ஆரம்பத்துல அது தண்ணியா இருக்கும், ட்யூப்ல எறங்கிடும். நாள் போகப் போக கஞ்சி ஆறினா மேல ஆடை பிடிக்கும்ல, அந்த மாதிரி உள்ள அறை அறையாக் கட்டிக்கும், அப்ப ட்யூப் ஒரு அறைல இருக்கும், சீழ் வேற அறைல இருக்கும். அந்தக் கட்டத்துல கேமரா விட்டு சின்ன ஓட்டை வழியாவே சுத்தம் பண்ணிடலாம், அதுக்கு வாட்ஸ்னு பேரு. அதையும் விட்டு வாரக்கணக்கா ஆச்சுன்னா நுரையீரல் மேல தோலு மாதிரி தடிச்சுப் போயி, நுரையீரல் விரியவே முடியாம உள்ள மாட்டிக்கும். அப்புறம் எந்த மருந்தும் அந்தத் தோலைக் கரைக்காது, பெரும்பாலும் நெஞ்சைத் தொறந்து உரிச்சுதான் எடுக்கணும். எங்களுக்கு நடந்தது இதுதான். ட்யூப் போட்டு ஒரு வாரத்துல ஜுரமும் எக்ஸ்ரேவும் மாறலன்னா நெஞ்சு ஆபரேஷன் டாக்டர் கிட்ட காட்டணுமான்னு நீங்களே கேளுங்க. கேக்கறதுல தப்பே இல்ல.

கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குப் போனது பக்கத்து வீட்டு அக்கா சொல்லித்தான். காலைல ஓபி சீட்டு வாங்கி வரிசைல நின்னு, நைனா ஸ்ட்ரெச்சர்ல, நான் பாட்டிலோட. செஸ்ட் டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தாரு, ட்யூபைப் பாத்தாரு, "எத்தனை நாளா இருக்கு"ன்னு கேட்டாரு, 27 நாள்னு சொன்னேன், அவரு அதுக்கு மேல ஒண்ணும் கேக்கல, அங்கயே எழுதி மேல வார்டுல அட்மிஷன் போட்டுட்டாரு. அன்னிக்கு சாயங்காலமே சிடி எடுத்தாச்சு.

ஆபரேஷனுக்கு 14 நாள் ஆச்சு. எடை 46 கிலோதான் இருந்துது, முட்டை, பால், சுண்டல்னு சாப்பிட வச்சு ரத்தம் ஏத்தி, எக்கோன்ற ஹார்ட் ஸ்கேன், மூச்சு டெஸ்ட் எல்லாம் பாத்தாங்க. ரெண்டு தடவை டேட் தள்ளிப் போச்சு, ஒரு தடவை காலைல இருந்து பட்டினி போட்டு மத்தியானம் எமர்ஜென்சி கேஸ் வந்துடுச்சு, இன்னிக்கு இல்லைன்னுட்டாங்க. அன்னிக்கு நான் ரொம்ப கத்திட்டேன். அந்த எமர்ஜென்சி நெஞ்சுல கத்திக்குத்து பட்ட ஒரு பையன்னு அப்புறம் தெரிஞ்சுது, சிஸ்டர் கிட்டப் போயி சாரி சொன்னேன்.

அந்த நாள்ல நான் பாட்டிலைப் பத்தி நல்லாக் கத்துக்கிட்டேன். ட்யூபோட முனை உள்ள ரெண்டு சென்டிமீட்டர் தண்ணிக்குள்ள முங்கியிருக்கும். நைனா மூச்சு இழுக்கும்போது குழாய்ல தண்ணி மேல ஏறும், விடும்போது எறங்கும். அது ஆடினா ட்யூப் வேலை செய்யுதுன்னு அர்த்தம், குமிழி வந்தா காத்து வெளிய வருதுன்னு அர்த்தம். பாட்டிலை எப்பவும் நெஞ்சுக்குக் கீழதான் வைக்கணும், தூக்கினா தண்ணி திரும்ப உள்ள போயிடும். ஸ்கேனுக்குப் போற அவசரத்துல யாராவது பாட்டிலை எடுத்துக் கட்டில் மேல வச்சுடுவாங்க, கண்ணு கொத்திப் பாம்பாட்டம் பாத்துக்கினு இருக்கணும்.

இந்தத் தண்ணி பாட்டில் ஏன்னு அங்க மேல்படிப்பு படிக்கற ஒரு பிஜி டாக்டர் கிட்டக் கேட்டேன், பெரிய கதையே சொன்னாரு. 1918ல ஃப்ளூ வந்தப்ப அமெரிக்கப் பட்டாளத்துக் கேம்புங்கள்ல சிப்பாய்ங்களுக்கு நெஞ்சுல சீழ் கட்டிக்கிச்சாம், உடனே விலாவை வெட்டித் தொறந்து விட்டாங்களாம், கும்பல் கும்பலா செத்துப் போனாங்களாம். தொறந்த ஓட்டை வழியா காத்து போயி நுரையீரல் சுருங்கிடுது, அதான் காரணம். எவார்ட்ஸ் கிரஹாம்னு ஒரு சர்ஜன் இருந்த கமிஷன்தான் ஆரம்பத்துலயே தொறக்காதீங்க, காத்து போகாம மூடின குழாயால எடுங்கன்னு சொன்னது. அதே கிரஹாம்தான் 1933ல கேன்சர் வந்த ஒரு பக்க நுரையீரலையே முழுசா எடுத்து ஆளைப் பொழைக்க வச்சவரு, அந்தப் பேஷன்ட் தானும் ஒரு டாக்டர், 30 வருஷம் உயிரோட இருந்தாரு. ஆனா கிரஹாம் ரொம்ப வருஷம் சிகரெட் பிடிச்சவரு, 1957ல அவரே நுரையீரல் கேன்சர்லதான் போனாருன்னு டாக்டர் நைனாவைப் பாத்து சொன்னாரு. நைனா ஒண்ணும் பேசல. அன்னிக்கு ராத்திரி தலகாணி உறைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்த பீடிக் கட்டை எடுத்து அம்மா கைல குடுத்துட்டாரு.

ஆபரேஷனைப் பத்தி டாக்டர் சொல்லும்போது ஆரஞ்சுத் தோலை உரிக்கறா மாதிரின்னாரு. நைனா, "இல்ல சார், கடம்பா (கணவாய்) தோலு மாதிரின்னு சொல்லுங்க, சதை கிழியாம தோலு மட்டும் வரணும், அவசரப்பட்டா ரெண்டும் போயிடும்"னாரு. டாக்டர் சிரிச்சுட்டு "ஐயா கரெக்டா சொல்லிட்டீங்க"ன்னாரு. மயக்க டாக்டர் மேடம் தனியா வந்து, ரெண்டு வழி இருக்கற ட்யூபை மூச்சுக் குழாய்ல விட்டு ஆபரேஷன் பண்ற பக்கம் நுரையீரலுக்குக் காத்தை நிறுத்தி வச்சு, இன்னொரு பக்கத்துலயே மூச்சு ஓட வைப்போம்னு பொறுமையா விளக்கினாங்க. அந்தப் பொறுமைக்கே கையெடுத்துக் கும்பிடணும், வெளிய அத்தனை பேரு காத்துக்கினு இருந்தாங்க.

அஞ்சு மணி நேரம். சீஃப் வெளிய வந்து "நுரையீரல் விரிஞ்சுடுச்சும்மா"ன்னு மட்டும் சொன்னாரு. உரிச்சு எடுத்ததை ஒரு டப்பால காட்டினாங்க, டெஸ்டுக்குப் போறது. பழுப்பா, செருப்புத் தோலு கனத்துல.

அடுத்த நாள்ல இருந்துதான் நெஜமான வேலை. ரெண்டு ட்யூப், மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. முதுகுல வலி மருந்து போற சின்னக் குழாய். பிசியோ பொண்ணு ஒண்ணு, வயசு 25 கூட இருக்காது, காலைல வந்து உக்கார வச்சுடுச்சு. மூச்சுப் பயிற்சிக்கு மூணு பந்து இருக்கற மெஷின் வாங்கச் சொன்னாங்க, வெளிய சர்ஜிக்கல் கடைல 350 ரூபா ஆச்சு. மூணு அறைல மூணு பந்து, மேல 600, 900, 1200னு போட்டிருக்கும். நைனா அதை பலூன் மாதிரி ஊதினாரு, பந்து அசையவே இல்ல, "இன்னாமா இது டப்பா மாலு"ன்னாரு. அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சு, "அப்பா, ஊதக் கூடாது, எளநி உறியற மாதிரி உறிங்க, மெதுவா, தூக்கின பந்தை அப்படியே மேல நிறுத்துங்க"ன்னுச்சு. மொதல் பந்து பாதி ஏறி விழுந்துச்சு. மணிக்குப் பத்து தடவை. இருமும்போது தலகாணியைத் தையல் மேல அணைச்சுக்கினு இரும சொல்லிக் குடுத்துச்சு, வலிக்குதேன்னு இருமாம சளியை உள்ள தேக்கினா அதுவே நிமோனியாவாயிடும்னுச்சு. இதெல்லாம் சும்மா ஒப்புக்கு செய்யறதுன்னு நெனச்சிருந்தேன், இல்லவே இல்ல, பாதி ஆபரேஷனே இதுதான். அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்.

வார்டுல எத்தனை விதமான ஆளுங்க. ஒல்லியா ஒசரமா ஒரு காலேஜ் பையன், ஒண்ணுமே பண்ணாம உக்காந்திருக்கும்போதே நுரையீரல்ல கொப்புளம் வெடிச்சு காத்து லீக்காயி நுரையீரல் சுருங்கிடுச்சாம், ரெண்டாவது தடவை வந்ததால கேமரால கொப்புளத்தை வெட்டி தச்சாங்க, ஆபரேஷன் ஆன நாலாம் நாள் நடந்து போயிட்டான். எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரி மோதி விலா எலும்பு நாலஞ்சு ஒடைஞ்ச ஒரு அண்ணன், எலும்புக்குக் கட்டெல்லாம் போடல, வலியை அடக்கி மூச்சுப் பயிற்சிதான் முக்கியம், ரொம்ப நொறுங்கினவங்களுக்குத்தான் தகடு வைப்பாங்களாம். நடு நெஞ்சு குழியா இருந்த ஒரு பையன், வளைஞ்ச கம்பி ஒண்ணு உள்ள வச்சு நெஞ்சைத் தூக்கிட்டாங்க, ரெண்டு மூணு வருஷம் கழிச்சுதான் கம்பியை எடுப்பாங்களாம். அவன் அம்மா சொல்லுச்சு, புள்ள இதுவரைக்கும் சட்டையைக் கழட்டிக் கடல்ல எறங்கினதே இல்லைன்னு.

குமிழி வர்றது ஆறு நாள் நிக்கல. தோலு உரிச்ச எடத்துல இருந்து காத்து கசியறது சகஜம்னு சொன்னாங்க, ஆனா எனக்குத் தூக்கம் போச்சு. ஒரு ட்யூபை நாலாம் நாளும் இன்னொண்ணை ஒன்பதாம் நாளும் எடுத்தாங்க. மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஒரே இழுப்பு, முன்னாடியே போட்டு வச்ச தையலை உடனே முடிச்சுட்டாங்க. பழைய ட்யூப் 41, இது 9, மொத்தம் 50 நாளுக்கப்புறம் அன்னிக்குத்தான் நைனா கையை வீசினு நடந்தாரு.

குறையும் சொல்லணும். பாத்ரூம் மோசம், ராத்திரில லைட்டு இல்ல, பாட்டிலோட போற பேஷன்ட்டுக்குப் பாட்டிலை வைக்க ஒரு எடம் கூட இல்ல. கூட இருக்கறவங்க தரைலதான் படுக்கணும். எக்ஸ்ரேக்குத் தள்ளுவண்டி வர்றதுக்கு ஒரு மணி நேரம் ஆவும். காசு விஷயத்துல, ஆபரேஷனுக்கு நாங்க ஒண்ணும் கட்டல. முதலமைச்சர் காப்பீட்டு கார்டு இருந்தா எடுத்துனு போங்க, வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு. எங்க கிட்ட இல்ல, ரேஷன் கார்டும் வருமானச் சான்றிதழும் தூக்கினு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசுக்கு ஓடி எடுத்தேன். முன்னாடியே எடுத்து வச்சிருந்தா நர்சிங் ஹோம்லயும் கேட்டுப் பாத்திருக்கலாம், தாலிக்கொடி இன்னும் அடகுலதான் இருக்கு.

நுரையீரல் மேல இருந்து உரிச்சு எடுத்த தோலை டெஸ்ட் பண்ணதுல டிபின்னு வந்துது. நைனா ஒடிஞ்சு போயிட்டாரு, ஊருல இன்னா சொல்லுவாங்கன்னு. 6 மாசம் மாத்திரை, ஃப்ரீயாவே குடுக்கறாங்க, சாப்பாட்டுக்கு மாசம் 1,000 ரூபா பேங்குல போடறாங்க. மாத்திரை ஆரம்பிச்ச அன்னிக்கு ஒண்ணுக்கு ஆரஞ்சு கலர்ல போவுதுன்னு அலறிட்டாரு, அது மருந்துதான், பயப்படத் தேவையில்ல. எங்களையும் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாங்க, அம்மாவுக்கும் எனக்கும் ஒண்ணும் இல்ல.

இப்ப மூணு மாசம் ஆவுது. தையலுக்குக் கீழ மரத்த மாதிரி இருக்கு, மழை மேகம் போட்டா சுருக்குன்னு இழுக்குதுன்றாரு, அது மாசக்கணக்கா இருக்கும்னு டாக்டர் முன்னாடியே சொல்லிட்டாரு. எடை 53. செவுத்துல விரலால ஏணி ஏறற மாதிரி கையைத் தூக்கற பயிற்சியை தெனமும் பண்றாரு, பென்சில்ல கோடு போட்டு வச்சிருக்காரு, நேத்து கோடு காலண்டர் ஆணி வரைக்கும் வந்துடுச்சு. ஐஸ் தூக்கற வேலைக்குப் போகக் கூடாதுன்னுட்டாங்க, ஏலம் போடற எடத்துல கணக்கு எழுத உக்கார வைக்கறேன்னு அவரு கூட்டாளி சொல்லியிருக்காரு, அடுத்த மாசம் ரிவ்யூக்குப் போறப்ப டாக்டர் கிட்டக் கேட்டுட்டு அனுப்பணும்.