கடை வைத்த ஸ்டுடியோவா, வீட்டிலிருந்தே தொழிலா? காரைக்குடியில் இரண்டையும் செய்து பார்த்த அனுபவம்

போன மாதம் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி என்னைப் பார்க்க வந்திருந்தார். இரண்டு வருடமாகப் பெரிய போட்டோக்காரர்களோடு உதவிக்குப் போய்வருகிறார், இப்போது சொந்தமாகக் கேமராவும் வாங்கிவிட்டார். "அண்ணே, கடை பிடிக்கட்டுமா, வீட்டு மாடியிலயே ஒரு ரூமை ஒதுக்கிக்கட்டுமா?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நான் இரண்டையும் செய்து பார்த்தவன். என் குருநாதர் 1978இல் தொடங்கிய ஸ்டுடியோவை 2004இல் என் கையில் கொடுத்தார். 16 வருடம் அதே கடையில் இருந்தேன். 2020இல் ஊரடங்கு வந்து கல்யாணமெல்லாம் நின்றபோது வாடகை கட்ட முடியாமல் காலி செய்தேன். அப்புறம் மூன்று வருடம் வீட்டிலிருந்தே தொழில். 2023 ஆவணியில் மறுபடியும் கடை போட்டுவிட்டேன், பழைய கடையில் பாதி அளவுதான். அதனால் நான் எந்தப் பக்கம் சாய்வேன் என்பது தெரிந்த விஷயம். ஏன் என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

செலவில் வீடுதான் லாபம், அதில் பேச்சே இல்லை. வாடகை கிடையாது, அட்வான்ஸ் கிடையாது, கடைக்கான மின் கட்டணம் கிடையாது. முகூர்த்தம் முடிந்து ராத்திரி 11 மணிக்கு வந்தாலும் கைலியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து எடிட் பண்ணலாம். கேமரா, லென்ஸ், லைட் செலவெல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டும், அதுவும் இரண்டுக்கும் பொது.

வீட்டுக்கு இன்னொரு நல்ல பக்கமும் உண்டு. ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்ய வந்தவர்கள் கடை பெஞ்சில் அவசர அவசரமாகப் பார்ப்பதைவிட எங்கள் வீட்டுக் கூடத்தில் நிதானமாகப் பார்த்தார்கள். மனைவி காபி கொடுப்பார், பொண்ணும் மாமியாரும் சேர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுப்பார்கள். 12க்கு 36 அங்குல ஆல்பத்தில் 40 தாளுக்கு எது வேண்டும் என்று ஒரே நாளில் முடிந்த வீடுகள் உண்டு. கடையில் அதே வேலை மூன்று வாரம் இழுக்கும்.

ஆடி, புரட்டாசி, மார்கழியில் கடை கைகொடுக்கும். கல்யாணம் இல்லாத அந்த மாதங்களில் கடை வாசலில் வந்து நிற்கிற பாஸ்போர்ட் சைஸ் படம்தான் வாடகையைக் கட்டுகிறது. ஆதார், பாஸ்போர்ட் இரண்டுக்கும் இப்போது அவர்களே படம் எடுத்துவிடுகிறார்கள், அந்த வரவு போய்விட்டது. ஆனால் பள்ளிக்கூடம், பேங்க், தேர்வு விண்ணப்பம், விசா எல்லாம் இன்னும் இருக்கின்றன. எங்கள் பகுதியில் சிங்கப்பூர், மலேசியா போகாத குடும்பம் குறைவு. அமெரிக்க விசாவுக்கு 2 அங்குலச் சதுரம், மற்றதுக்கு வேறு அளவு என்று தெரிந்து எடுத்துக்கொடுத்தால் அடுத்தவரும் நம் கடைக்கே வருவார். இதில் பெரிய காசு வராது, வாடகைக்குச் சரியாகப் போகும்.

சக போட்டோக்காரர்களோடு பழக்கமும் கடையில்தான் நிற்கிறது. வைகாசியிலோ ஆவணியிலோ ஒரே முகூர்த்தத்தில் நாலு வேலை விழும். அப்போது ஆள் மாற்றிக்கொள்வதும், ஃபிளாஷ், பேட்டரி, மெமரி கார்டு கைமாற்று வாங்குவதும் ஒரு டீ நேரத்தில் முடிந்துவிடும். நான் வீட்டுக்குப் போனதும் யாரும் என்னை ஒதுக்கவில்லை. ஆனால் வழியில் எட்டிப் பார்க்கிற இடமாக நான் இல்லை. அவ்வளவுதான், அழைப்புகள் தானாகக் குறைந்துவிட்டன.

இதெல்லாம் பக்கக் கணக்கு. என்னை மறுபடி கடைக்குக் கொண்டுவந்தது ஒரே விஷயம், பழைய படங்கள்.

செட்டிநாட்டு வீட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும். வளவைச் (உள்முற்றத்தைச்) சுற்றி நிலைக்கு மேலே வரிசையாக முன்னோர் படங்கள், கீழே நிற்பவரைப் பார்ப்பது போல் லேசாக முன்னால் சாய்த்து மாட்டியிருக்கும். குடும்பம் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருக்கும், வீடு வருடத்தில் 10 நாள் திறக்கும். முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ எல்லாப் புள்ளிகளும் (குடும்பங்களும்) கூடும்போது முதலில் அண்ணாந்து பார்ப்பது அந்தச் சுவரைத்தான். அதில் அடுத்து ஏறப்போகிற படம் எங்காவது ஒரு போட்டோக்காரரிடம்தான் இருக்கும்.

2022 கார்த்திகையில் பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி என்னைத் தேடி வந்தார். செட்டியார் காலமாகி ஒன்பது நாள் ஆகியிருந்தது. வீட்டில் இருந்ததெல்லாம் பேங்குக்கு எடுத்த படங்கள், முகம் இறுகிப்போய் இருந்தது. "மக கல்யாணத்துல அவுக சிரிச்ச மாதிரி ஒண்ணு உங்க கடையில எடுத்தாக தம்பி, அது வேணும்" என்றார். அந்தக் கல்யாணம் 1994 வைகாசியில், என் குருநாதர் எடுத்தது. ஆச்சி முதலில் பழைய கடைக்குப் போயிருக்கிறார். அங்கே செல்போன் கடை இருந்தது, நான் எங்கே போனேன் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. என் வீட்டைக் கண்டுபிடிக்க அவருக்கு மூன்று நாள் ஆனது. முழங்கால் வலியோடு ஆட்டோவில் தெருத் தெருவாக விசாரித்திருக்கிறார்.

எந்தக் கல்யாணம் எந்தக் கவரில் என்று எழுதி வைத்திருக்கும் நோட்டில் தேடிக் கவர் எண்ணைக் கண்டுபிடிக்க 5 நிமிடம்கூட ஆகவில்லை. நெகட்டிவ் கவர்கள் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையில் பெட்டி பெட்டியாக இருந்தன. வைக்க வேறு இடம் இல்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் அந்த அறை மூடியே கிடந்தது. கவரைப் பிரித்தால் நெகட்டிவ் கீற்றுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பிடித்திருந்தன. நெகட்டிவ் மேல் இருக்கும் ஜெலட்டின் ஈரம் பட்டால் பசை மாதிரி இளகிவிடும், காய்ந்ததும் அப்படியே இறுகிவிடும். இழுத்துப் பிரித்தால் படம் உரிந்துவிடும். பேட்டரிக்கு வாங்கி வைத்திருந்த டிஸ்டில்டு வாட்டரை ஒரு தட்டில் ஊற்றி, கீற்றுகளை ஊறப்போட்டு, விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினேன். மூன்று மணி நேரம் ஆனது. 4 ஃபிரேம் உள்ள கீற்றில் இரண்டு பிழைத்தன. அதில் ஒன்றில், சாமான் பரப்பி வைத்திருந்த பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்), பித்தளை அண்டாக்களுக்கு நடுவே யாரிடமோ பேசிச் சிரித்துக்கொண்டு செட்டியார் நிற்கிறார்.

கழுத்துக்கு மேலே மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, ஃபிரேம் போட்டுக் கொடுத்தேன். ஆச்சி வாங்கியதும் படத்தைப் பார்க்கவில்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தார், அப்புறம்தான் பார்த்தார். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. மற்ற இரண்டு ஃபிரேமில் ஒன்றில் அவர் இருந்திருந்தால் ஆச்சிக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?

தப்பு வீட்டின் மேல் இல்லை. காற்றோட்டமான ஒரு தனி அறையும், அதைத் தினமும் திறக்க ஒரு ஆளும் இருந்தால் வீட்டிலும் பாதுகாக்கலாம். ஆனால் வீட்டில் எப்போதும் வேறு ஒரு தேவை முன்னால் வந்து நிற்கும். விருந்தாளி வந்தால் பெட்டி மாடிக்குப் போகும், வெள்ளையடித்தால் படிக்கட்டுக்கு அடியில் போகும். கடையில் அந்த அலமாரிக்கு அந்த இடம்தான். தினமும் கதவைத் திறப்போம், ஃபேன் ஓடும், கண்ணில் படும்.

டிஜிட்டலில் இந்தத் தொல்லை இல்லை என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். 4கே வீடியோவை வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. மாப்பிள்ளை அழைப்பிலிருந்து திருப்பூட்டுதல் (தாலி கட்டுவது), இசைகுடிமானம் என்கிற கல்யாண ஒப்பந்தம் எழுதுவது வரை இரண்டு கேமரா ஓடினால் படங்களோடு சேர்த்து 500 ஜிபியைத் தொடும். வீட்டில் இருந்த காலத்தில் நானும் மற்றவர்களைப் போல "ஆல்பம் கொடுத்து 6 மாதம் கழித்து அழித்துவிடுவோம்" என்று ரசீதில் அச்சடித்தேன். அந்த வரியை இப்போது எடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் வைத்திருக்க முடியாது, உண்மைதான். அதனால் தேர்ந்தெடுத்த படங்களை முழு அளவில், ஆல்பம் டிசைன், முடித்த வீடியோ, பெரியவர்கள் இருக்கிற எல்லாப் படமும், இவற்றை மட்டும் வைக்கிறேன். கல்யாணத்துக்கு 30 ஜிபிக்குள் அடங்கும். இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒன்று கடையில், ஒன்று வீட்டில். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டையும் ஓடவிட்டுப் பார்ப்பேன், 5 வருடத்தில் புது டிஸ்க்குக்கு மாற்றுவேன். ஒரு இடத்தில் திருட்டோ தீயோ வந்தாலும் இன்னொன்று நிற்கும். வீட்டில் மட்டும் தொழில் செய்தபோது இரண்டு டிஸ்க்கும் ஒரே பீரோவில்தான் இருந்தன.

நோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது குருநாதர் பழக்கியது. பெயரை வைத்துத் தேடினால் எங்கள் பகுதியில் கிடைக்காது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் மெய்யப்பனும் சிதம்பரமும் வள்ளியம்மையும் மீனாட்சியும் தலைமுறைக்குத் தலைமுறை திரும்ப வருவார்கள். அதனால் ஊர், குடும்பம் சேர்ந்த நகரக் கோயில், விலாசம் (குடும்பத்தின் இனிஷியல்), முகூர்த்தத் தேதி, இந்த நான்கையும்தான் எழுதுவோம். பெயர் அதற்கப்புறம். கம்ப்யூட்டரில் இருந்தாலும் காகித நோட்டை விடவில்லை.

சட்டமும் இதோடு சேர்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவர்தான் முதல் உரிமையாளர். படம் அவர்களுடையது, நம்மிடம் இருப்பது ஒப்படைத்த பொருள். இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன் கேட்டுக்கொள்வதும் இதனால்தான்.

மறுபடி பிரிண்ட் போட்டுக் கொடுப்பதில் வருமானம் சொற்பம். ஆனால் அந்தப் படத்தை வாங்கிப்போன வீட்டிலிருந்துதான் அறுபதாம் கல்யாணம் வருகிறது, பேத்தி கல்யாணம் வருகிறது. போன வருடம் நான் எடுத்த கல்யாணங்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே நோட்டில் இருந்த குடும்பங்கள்.

இடம் மனதில் நிற்கிறது. எங்கள் ஊர்ப் பக்கம் இருந்த ஏவிஎம் சினிமா ஸ்டுடியோ 1948லேயே சென்னைக்குப் போய்விட்டது. அது தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த இடத்தை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் கைகாட்டிச் சொல்வார்கள். நம் தொழில் சின்னதுதான், ஆனாலும் 20 வருடம் கழித்துத் தேடி வருகிறவருக்குப் போன் நம்பர் மாறியிருக்கும், தெருமுனை மாறாது.

எனக்குப் போதிய அனுபவம் இல்லாத இடமும் ஒன்று உண்டு. கானாடுகாத்தான் பக்கம் பழைய மாளிகைகளை வாடகைக்கு எடுத்து வெளியூர்க்காரர்கள் செய்கிற கல்யாணங்கள் இப்போது நடக்கின்றன. அப்படி இரண்டுக்குத்தான் போயிருக்கிறேன், அதுவும் இன்னொருவருக்கு உதவியாக. அவர்கள் ஆளைப் பிடிப்பது இன்ஸ்டாகிராமில், கடை எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அந்த வேலைதான் குறி என்றால் வீடு போதும் என்றுதான் தோன்றுகிறது. சின்னப் பிள்ளைகளை மட்டும் படம் எடுக்கிறவர்களைப் பற்றியும் நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

தம்பிக்குச் சொன்னது இதுதான். மெயின் ரோட்டில் பெரிய அட்வான்ஸ் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டாம். பக்கத்துத் தெருவில் 10க்கு 12 போதும், ஆனால் தரைத்தளமாக இருக்க வேண்டும், வருகிற ஆச்சிகளால் படியேற முடியாது. எடிட்டிங்கையும் ஆல்பம் தேர்வையும் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். சுவரில் ஓதம் அடிக்கிறதா என்று மழைக்காலத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

நான் இப்போது லைட் பாக்ஸில் நெகட்டிவை வைத்து, மேக்ரோ லென்ஸில் ஒவ்வொன்றாக எடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். 1978இலிருந்து 1991 வரை முடிந்திருக்கிறது. அடுத்த வாரம் தம்பி வருகிறார், விலாசத்தை வைத்து நோட்டை எப்படிப் பிரிப்பது என்று காட்ட வேண்டும்.