ஸ்லோ குக்கரில் பழச் சாஸ்: நான்கு ஆண்டு அனுபவம்

ஸ்லோ குக்கர், அதாவது கண்ணாடி மூடி போட்டு மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பாத்திரம், வாங்கிய புதிதில் நான் செய்த முதல் ஆப்பிள் சாஸைக் கரண்டியில் அள்ள முடியவில்லை, ஊற்றத்தான் முடிந்தது. 2 கிலோ பழத்துக்கு இரண்டு கோப்பை தண்ணீர் விட்டிருந்தேன். அடுப்பில் செய்து பழகிய கை, அடிபிடித்துவிடுமோ என்ற பயத்தில் தாராளமாகச் சாய்த்துவிட்டது. அடுப்பாக இருந்தால் அதில் பாதி ஆவியாகியிருக்கும். இங்கே ஆறு மணி நேரம் கழித்துத் திறந்தபோது ஊற்றிய தண்ணீரும் இருந்தது, பழம் விட்ட சாறும் அதனுடன் சேர்ந்திருந்தது.

அதன் பிறகு இந்த நான்கு ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டதில் முக்கால்வாசி அந்தக் கண்ணாடி மூடியைப் பற்றியதுதான். ஆவி மேலே போய் மூடியில் முட்டி, துளித்துளியாகத் திரண்டு, ஓரமாக வழிந்து மறுபடியும் பாத்திரத்துக்கே வந்துவிடுகிறது. இது குறையன்று, கருவி பிறந்த விதமே அப்படி. இர்விங் நாக்ஸன் என்ற அமெரிக்கர் 1940இல் காப்புரிமை பெற்ற பாத்திரம்தான் இதற்கு மூதாதை. அதை அவர் பீன்ஸ் வேகவைக்கும் பாத்திரமாகத்தான் விற்றார். அதுவே 1971இல் க்ராக்-பாட் என்ற பெயரில் கடைகளுக்கு வந்தது. பயறு வேகத் தண்ணீர் வற்றக் கூடாது, பழச் சாஸுக்கு வற்றியே ஆக வேண்டும். அந்த இழுபறியைச் சமாளிப்பதுதான் நம் வேலை.

இப்போது நான் செய்யும் முறை இது. 2 கிலோ ஆப்பிளைத் தோல் சீவி, விதைப்பகுதி நீக்கி, பெரிய துண்டுகளாக நறுக்குகிறேன். தண்ணீர் கால் கோப்பைதான். அதுவும் முதல் ஒரு மணி நேரம் அடி காயாமல் இருப்பதற்காக. எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி, பட்டை ஒரு துண்டு. ‘லோ’வில் ஐந்து மணி நேரம் மூடியைத் தொடுவதில்லை. ஒருமுறை திறந்து பார்த்தால் போன சூடு திரும்ப ஏற 20 நிமிடமாவது ஆகிறது. ஐந்து மணி நேரம் ஆனதும் மத்தால் மசித்துவிட்டு, ஒரு மரக்கரண்டியைப் பாத்திரத்தின் விளிம்பில் குறுக்கே வைத்து அதன்மேல் மூடியைச் சாய்த்து வைக்கிறேன். விரற்கடை இடைவெளி போதும். ஒரு மணி நேரத்தில் கரண்டியால் கோடு இழுத்தால் சாஸ் உடனே மூடிக்கொள்ளாமல் கோடு நிற்கும். எனக்கு அந்தப் பதம்தான் பிடித்தம். அப்படியே இன்னும் நாலைந்து மணி நேரம் விட்டால் கருஞ்சிவப்பாக, ரொட்டியில் தடவும் அளவுக்கு இறுகிவிடும்.

‘ஹை’யில் வைத்தால் மூன்று மணி நேரத்தில் முடியும். ஆனால் என் குக்கரில் வெப்பச் சுருள் பக்கவாட்டில் இருப்பதால், ‘ஹை’யில் எப்போதும் ஒரே இடத்தில், கைப்பிடிக்குச் சற்று இடப்புறம், உள்ளங்கை அகலத்துக்குப் பழம் கருகி ஒட்டுகிறது. ‘லோ’வில் அந்தத் தொல்லை இல்லை. மின்சாரமும் பெரிதாகப் போவதில்லை: 210 வாட் கருவி, ஆறு மணி நேரத்துக்கு ஒன்றே கால் யூனிட்.

சர்க்கரையைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். நன்கு பழுத்த பழமென்றால் பல நேரம் தேவையே இருக்காது. மசாலா விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. ஒருமுறை ஐந்து கிராம்பு போட்டு இரவு முழுக்க விட்டேன். விடிந்ததும் ருசி பார்த்தால் பல்வலி மருந்து.

பேரிக்காய் ஆப்பிளைவிட அதிகம் நீர் விடும். அதற்குத் தண்ணீரே வேண்டாம். பிளம்ஸில்தான் எனக்கு மனம் நிறைந்த சாஸ் கிடைத்தது. சீவும் வேலை இல்லை, தோல் கரைந்து தானே நிறம் கொடுக்கிறது. சில வகைகளில் கொட்டை சதையை விடாது. அவற்றை முழுதாகவே போட்டு, வெந்தபின் கொட்டைகளைப் பொறுக்குகிறேன். போடும்போது எண்ணிக்கொள்வது முக்கியம்: 40 பழம் போட்டால் 40 கொட்டை வெளியே வர வேண்டும். ஒருமுறை 39தான் வந்தது. அந்த ஒன்றைத் தேடிச் சாஸ் முழுவதையும் சல்லடையில் வடித்தேன்.

இரண்டாம் ஆண்டில் பீங்கான் பாத்திரத்தை உடைத்தேன். காலை வேலையைக் குறைக்கலாம் என்று இரவே பழத்தை நறுக்கி, பாத்திரத்தோடு ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் சில்லென்று எடுத்து நேரே ‘ஹை’யில் வைத்துவிட்டேன். சிறிது நேரத்தில் ‘டக்’ என்றது. அடியிலிருந்து விளிம்பு வரை மயிரிழைபோல ஒரு கீறல், அதன் வழியே சாறு கசிந்துகொண்டிருந்தது. கருவியைக் குறை சொல்ல வழியில்லை. அப்படிச் செய்யக் கூடாது என்று அதனுடன் வந்த கையேட்டில் எழுதித்தான் இருந்தது.

சாஸ் ஃபிரிட்ஜில் ஒரு வாரம் தாங்கும். மீதியைச் சிறு டப்பாக்களில், மேலே இரண்டு செ.மீ. இடம் விட்டு உறையவைக்கிறேன், உறையும்போது பொங்கும். சூடுபடுத்த மட்டும் ஸ்லோ குக்கரை நாடாதீர்கள். குளிர்ந்த உணவு அதில் சூடேற வெகுநேரம் ஆகும், அதற்குள் கிருமிக்குக் கொண்டாட்டம்.

அரை கிலோ பழத்துக்கு இதை வாங்குவது வீண். பாத்திரம் பாதியாவது நிறைந்தால்தான் ஒழுங்காக வேகும். அடுப்பில் 25 நிமிடத்தில் முடியும் வேலை அது. நிறமும் வெளிறிய பொன்னாக வரும். ஸ்லோ குக்கர் சாஸ் எலுமிச்சை விட்டாலும் சற்றுப் பழுப்புதான். எனக்கு அந்த ஆழ்ந்த ருசிக்காக நிறம் போனால் போகட்டும் என்றிருக்கிறது.

குமிழில் இருந்த எழுத்துகள் இப்போது அழிந்துவிட்டன. ஒரு சொடுக்கு ‘லோ’, இரண்டு ‘ஹை’ என்று விரலுக்குத் தெரியும். மூடியின் பிடியில் மட்டும் ஒரு காகிதம் ஒட்டி வைத்திருக்கிறேன், வீட்டில் மற்றவர்களுக்காக: “திறக்காதீர்கள். வாசனை வந்தால் போதும்.”