கறுப்புக் கைப்பட்டை: கையில் நிற்பது எது, நடுவரிடம் மாட்டுவது எது

மைதானத்தில் வாயைத் திறக்காமல் அரசியல் பேச வீரர்கள் கண்டுபிடித்த பொருட்களில் மிக மலிவானது கறுப்புக் கைப்பட்டை. எலக்ட்ரிகல் கடை இன்சுலேஷன் டேப்பில் தொடங்கி, விளையாட்டுச் சாமான் கடையில் தொங்கும் வெல்க்ரோ கேப்டன் பட்டை வரை நாலைந்து வகை உண்டு. ஆட்டம் முடியும்வரை கையில் நிற்கிறதா, தூரத்திலிருந்து தெரிகிறதா, நடுவரைத் தாண்டுமா என்ற மூன்றையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். முதல் இரண்டுக்குக் கடைக்காரர் பொறுப்பு. மூன்றாவது கடையில் விற்பதில்லை.

இன்சுலேஷன் டேப்பிலிருந்து ஆரம்பிப்போம். டேப் சுற்றிய டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள் பையில் எப்போதும் கிடக்கும் அதே சுருள்தான். அகலம் சுமார் 18 மி.மீ. ஒரே சுற்று சுற்றினால் சட்டையில் பேனாவால் கோடு கிழித்த மாதிரிதான் இருக்கும். முந்தைய சுற்றின் மேல் பாதி ஏறும்படி மூன்று சுற்று சுற்றினால் அகலம் 36 மி.மீ. ஆகும், எல்லைக் கோட்டிலிருந்தும் தெரியும். 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் பிடிக்கும். 11 பேருக்குக் கணக்குப் போட்டு, உறையில் அச்சிட்ட நீளத்தைப் பார்த்து வாங்குங்கள்; சின்னச் சுருள் ஒன்று ஓர் அணிக்குப் போதாது.

டேப்பில் நடக்கும் தவறு எப்போதும் ஒன்றுதான்: இழுத்துச் சுற்றுவது. பி.வி.சி. டேப் நீண்டு, பிறகு சுருங்கும். கட்டும்போது சரியாக இருந்தது பத்து ஓவரில் கையைக் கவ்வும். தளர்த்திச் சுற்றுங்கள். கடைசி ஓர் அங்குலத்தைத் துளியும் இழுக்காமல் படிய வையுங்கள். இழுத்து ஒட்டிய முனைதான் முதலில் பிரிந்து கொடி மாதிரி ஆடும். வெறும் தோலில் ஒட்டினால் வியர்வை தள்ளிவிடும், அரைக்கைச் சட்டையின் விளிம்புக்குச் சற்று மேலே துணியின் மீது சுற்றினால் நிற்கும். அன்றைக்கே உரித்துவிட வேண்டும். வெயிலில் இளகிய பசையோடு சட்டையை மடித்து வைத்தால் அந்தக் கறை லேசில் போகாது.

இத்தனை குறை இருந்தும், கைப்பட்டையின் சரித்திரத்தில் பெரிய பெயர் டேப்புக்குத்தான். 2003 பிப்ரவரி 10 அன்று ஹராரேயில், நமீபியாவுக்கு எதிரான கிரிக்கெட் உலகக் கோப்பை ஆட்டத்தில் ஜிம்பாப்வேயின் ஆண்டி ஃபிளவரும் ஹென்றி ஒலோங்காவும் கையில் கட்டியிருந்தது கறுப்பு டேப். அதில் எழுத்து ஒன்றுகூட இல்லை. பேசியது அன்று அவர்கள் பத்திரிகையாளர்களுக்குக் கொடுத்த அறிக்கை: தம் நாட்டில் ஜனநாயகம் செத்துவிட்டது, அதற்கான துக்கம் இது என்று. சிலரைப் போல ‘நாங்கள் வேறு யாருக்கோ கட்டினோம்’ என்று பின்வாங்க அவர்கள் இடமே வைக்கவில்லை. அந்தத் தொடரோடு இருவரின் ஜிம்பாப்வே ஆட்டமும் முடிந்தது. ஒலோங்கா நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. சுருளின் விலை சில ரூபாய்தான் என்று நினைக்கும்போது இதையும் சேர்த்துக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எலாஸ்டிக். தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். ஒன்றரை அங்குல அகலம் போதும். இரண்டு அங்குலப் பட்டை முழங்கை மடக்கும்போது சுருண்டுகொள்ளும். மேல்கையைத் தளர்வாக அளந்து, அதில் 2 செ.மீ. குறைத்து வெட்டி, முனைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தையுங்கள். முனையை முடிச்சுப் போட்டால் டைவ் அடிக்கும்போது குத்தும். பந்துவீச்சாளர்கள் வீசாத கையில் போட்டுக்கொள்வது நல்லது. ஓர் அணிக்குச் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவில் தைத்தால் ஆளுக்கு ஆள் இழுபறி இருக்காது. துவைத்து அடுத்த முறைக்கும் எடுத்து வைக்கலாம். பொருள் என்ற அளவில் இதற்கே முதலிடம்.

வெல்க்ரோ கேப்டன் பட்டை கால்பந்துக்காரர்களின் சமாச்சாரம். கொக்கிப் பக்கம் முழுதாக மூடாவிட்டால் ஜெர்சி நூலைப் பிய்க்கும். மண் ஏறியதும் பிடிப்பு விடும். இவை சின்னக் குறைகள். நிறமும் வாசகமும்தான் பெரிய தலைவலி. இப்போதைய கால்பந்து விதிப்படி, கேப்டன் பட்டை போட்டியை நடத்துவோர் தந்ததாகவோ ஏற்றதாகவோ இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே நிறத்தில், ‘கேப்டன்’ என்ற சொல்லையோ அதன் முதலெழுத்தையோ தவிர வேறு எழுத்து இல்லாததாக இருக்க வேண்டும். வானவில் பட்டையை ஆசையாக வாங்கிப் போகிறவர்கள் 2022 கத்தார் உலகக் கோப்பையை நினைத்துக்கொள்ளலாம். பாகுபாட்டுக்கு எதிரான பல வண்ண ‘ஒன்லவ்’ பட்டை அணியத் தயாராக இருந்த இங்கிலாந்து, ஜெர்மனி உள்ளிட்ட ஏழு ஐரோப்பிய அணிகள், அபராதம் கட்டவும் சம்மதமாகத்தான் இருந்தன. மஞ்சள் அட்டை என்று ஃபிஃபா சொன்னதும் கழற்றி வைத்துவிட்டன. பணத்தைச் சங்கம் கட்டிவிடும். மஞ்சள் அட்டை அந்தக் கேப்டனின் தலையில் விழும், இன்னொன்று வாங்கினால் வெளியே. ஃபிஃபாவுக்கு அது தெரிந்திருந்தது. ஜெர்மனி வீரர்கள் ஜப்பானுக்கு எதிரான ஆட்டத்துக்கு முன் குழுப் படத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அதற்கு அட்டை இல்லை.

எழுத்து போட்ட மணிக்கட்டு வளையங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: வாங்க வேண்டாம். 2014 சவுத்தாம்ப்டன் டெஸ்ட்டில் இங்கிலாந்து வீரர் மொயின் அலி காஸாவுக்காக அணிந்ததை அந்நாட்டுக் கிரிக்கெட் வாரியம் தடுக்கவில்லை. ஆனால் ஆட்ட நடுவர் டேவிட் பூன், மறுபடி அணியக் கூடாது என்றார். வாரியம் ஒப்புக்கொண்டால் போதாது என்பதை அன்றே எல்லோரும் கற்றிருக்க வேண்டும்.

ஷூவில் மார்க்கரால் எழுதுவதும் அப்படியே. 2023 டிசம்பரில் பெர்த் டெஸ்ட்டுக்கு முன் ஆஸ்திரேலியாவின் உஸ்மான் கவாஜா, எல்லா உயிரும் சமம், சுதந்திரம் மனித உரிமை என்ற வாசகங்களைப் பாலஸ்தீனக் கொடியின் நிறங்களில் எழுதியிருந்தார். அனுமதி இல்லை என்றதும் வாசகங்களை டேப்பால் மறைத்துக்கொண்டு, கறுப்புப் பட்டையோடு இறங்கினார். பட்டைக்கும் சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐ.சி.சி.யிடமிருந்து கண்டனம் வந்தது. சொந்தத் துக்கத்துக்குக் கட்டியது என்று அவர் சொன்னார். முன்அனுமதி இல்லை என்பதே ஐ.சி.சி.யின் பதில். அடுத்த டெஸ்ட்டுக்குப் புறாவும் ஒலிவக் கிளையும் கொண்ட சின்னத்தைக் கேட்டார், அதுவும் மறுக்கப்பட்டது. கடைசியில் மகள்களின் பெயர்களை எழுதிய ஷூவோடு ஆடினார்.

சூட்சுமம் இங்கேதான். வாரியம், ஐ.சி.சி. இரண்டின் ஒப்புதலும் முன்கூட்டியே வேண்டும் என்கிறது விதி. அரசியல், மதம், இனம் சார்ந்த நோக்கங்களுக்கு ஒப்புதல் தரப்படாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. ஆனால் 2019 மார்ச்சில் ராஞ்சியில் இந்திய அணி முழுவதும் ராணுவத் தொப்பியோடு ஆடியது. வாரியம் நிதி திரட்டல் என்று கேட்டு அனுமதி வாங்கியிருந்தது. மூன்று மாதம் கழித்து உலகக் கோப்பையில் நம்ம தல தோனியின் கீப்பிங் கையுறையில் ராணுவச் சின்னம் தெரிந்தபோது, எடுக்கச் சொல்லிவிட்டார்கள். கையுறையில் தயாரிப்பாளர் முத்திரைக்கு மட்டுமே இடம். 2020-ல் மேற்கிந்தியத் தீவுகள் அணி ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ சின்னத்தைக் காலரில் பதிக்க அனுமதி கிடைத்தது. எது அரசியல், எது அரசியல் இல்லை என்பது, யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பல நேரம் தீர்மானமாகிறது என்று படுகிறது.

ஒலிம்பிக்கில் கணக்கு இன்னும் கறார். 2024 பாரிஸில் அகதிகள் அணியின் பிரேக்கிங் (பிரேக் டான்ஸ்) வீராங்கனை மனிஜா தலாஷ், ஆப்கன் பெண்களுக்கு விடுதலை கேட்கும் வாசகம் கொண்ட துணியை ஆட்டத்துக்கு நடுவே விரித்துக் காட்டியதற்குத் தகுதி நீக்கம் செய்யப்பட்டார். 1968 மெக்ஸிகோவில் கறுப்பின அமெரிக்க ஓட்டக்காரர்கள் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் கறுப்புக் கையுறையோடு கை உயர்த்திய படத்தைப் பாருங்கள்: ஒருவர் வலது கை, மற்றவர் இடது கை. கார்லோஸ் தன் கையுறை ஜோடியை மறந்துவிட்டு வந்ததால் ஒரே ஜோடியைப் பங்கிட்டுக்கொண்டார்கள். சாமான் பட்டியலை முந்தின இரவே சரிபார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது.

ஊர் லீக் ஆடும் அணிக்கு: எழுத்தில்லாத எலாஸ்டிக் பட்டை, மாற்று ஆட்களுக்கும் சேர்த்து 15. யாருக்காக, எதற்காக, எந்த ஆட்டத்தில் என்று போட்டி அமைப்பாளருக்கு முதல் நாளே ஒரு வரி எழுதி, பதிலைக் கையில் வைத்திருங்கள். டாஸுக்கு முன் நடுவரிடம் கேப்டன் அதைக் காட்டிவிடட்டும். டேப் ஒரு சுருள் பையில் இருக்கட்டும், தையல் பிரிந்த பட்டைக்கு உதவும்.