ஆறு வருஷமாக எங்கள் ஹாலில் இருக்கும் பத்து இன்ச் சப்வூஃபர்

தாழ்ந்த ஒலியான பேஸை மட்டும் தரும் ஸ்பீக்கர் பெட்டிதான் சப்வூஃபர். எங்களுடையதை 2019 தீபாவளிக்கு வாங்கினேன். பத்து இன்ச் கோன் (அசைந்து ஒலி எழுப்பும் கூம்பு), முன்பக்கம் போர்ட் (காற்று போய்வரும் ஓட்டை) வைத்த பெட்டி, உள்ளேயே ஆம்ப்ளிஃபயர். அட்டைப்பெட்டியில் போட்டிருந்த தொடர் திறன் 50 வாட். ஆஃபரில் 13,800 ரூபாய். எங்கள் வீடு குரோம்பேட்டையில் இரண்டாவது மாடி ஃபிளாட்; ஹால் 14 அடிக்கு 11 அடி. இந்த ஆறு வருஷத்தில் அந்தப் பெட்டி ஒரு தடவை செத்துப் பிழைத்திருக்கிறது.

கம்பெனி பெயரை எழுதப்போவதில்லை. ஒரே ஒரு பெட்டியில் வந்த கோளாறை வைத்து ஒரு கம்பெனியைக் குறை சொல்வது நியாயமாகப் படவில்லை. தவிர, இந்த விலையில் கிடைக்கும் பத்து இன்ச் பெட்டி எதுவானாலும் இங்கே சொல்வதில் முக்கால்வாசி அதற்கும் பொருந்தும்.

இதற்கு முன்னால் என்னிடம் இருந்தது அசெம்பிள் செய்த பெட்டி. 12 இன்ச் கார் வூஃபர், பிளைவுட் கேபினெட், 4440 என்ற ஆம்ப்ளிஃபயர் ஐ.சி. வைத்த போர்டு. நம் ஊரில் பாட்டுப் பைத்தியம் பிடித்த பையன்கள் நிறையப் பேர் அந்த ஐ.சி.யில்தான் தொடங்கியிருப்பார்கள். எனக்கு இன்றும் அதன்மேல் பாசம் உண்டு. ஆனால் பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் 1000 வாட் என்றது. அந்த ஐ.சி.யின் இரண்டு சேனலையும் சேர்த்து பிரிட்ஜ் முறையில் போட்டாலும் 19 வாட் பக்கம்தான் வரும். அதைக்கூட விட்டுவிடலாம். போர்ட் ஓட்டையைக் கண்ணளவில் வெட்டியிருந்தார்கள். பேஸ் கிட்டார் மேலே ஏறினாலும் கீழே இறங்கினாலும் பெட்டி ஒரே 'தும்'தான் சொல்லும். அதைத்தான் பேஸ் என்று பத்து வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன்.

கடைக்குப் போகும்போது பி.எம்.பி.ஓ. என்று விளம்பரத்துக்காகப் பெரிதாகப் போட்ட எண்ணை மனதிலிருந்து அழித்துவிடுங்கள். ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர் திறன், எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். அதிலும் 50 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் இடையே காதில் விழும் வித்தியாசம் 3 டெசிபல்தான். வால்யூமை ஒரு சின்னத் திருகு திருகியது போல இருக்கும். கோனின் அளவு அதைவிட முக்கியம். 40 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 40 அதிர்வு; எண் குறைந்தால் ஒலி தாழும்) வரும் அதே சத்தம் 20 ஹெர்ட்ஸிலும் வர வேண்டுமானால் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். சின்னக் கோனுக்கு அந்த இடம் கிடையாது. எட்டு இன்ச்சைவிடப் பத்து இன்ச்சின் பரப்பு ஒன்றரை மடங்கு. நான் எட்டை விட்டுப் பத்துக்குப் போனதற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்று: செட்டாக வரும் ஹோம் தியேட்டர்கள் பலவற்றின் சப்பில் ஆம்ப்ளிஃபயர் இருக்காது. என் நண்பர் ஒருவர் செகண்ட் ஹேண்டில் அப்படி ஒன்றை வாங்கிவந்து, ரிசீவரின் (ஸ்பீக்கர்கள் எல்லாவற்றையும் ஓட்டும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) சப் அவுட்டில் எப்படி மாட்டுவது என்று ஒரு வாரம் அலைந்தார். நேரடியாக மாட்ட முடியாது. பின்னால் கரண்ட் வயரும் வால்யூம் திருகும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சரி, வாங்கி வந்த கதைக்கு வருகிறேன். முதல் மாசம் பெரிய ஏமாற்றம். டிவிக்குப் பக்கத்து மூலையில் வைத்தேன். சமையலறை வாசலில் நின்றால் நெஞ்சு அதிர்ந்தது. சோஃபாவில் உட்கார்ந்தால் ஒன்றுமே இல்லை. கெயினை (சப்பின் வால்யூம் திருகை) ஏற்றினேன், வேறு மூலைக்கு மாற்றினேன், வயரை மாற்றினேன். திருப்பிக் கொடுத்துவிடலாம் என்ற முடிவுக்கே வந்துவிட்டேன்.

குற்றம் பெட்டியில் இல்லை, சோஃபாவில் இருந்தது. 14 அடி ஹாலில் அதைச் சரியாக 7 அடியில், நடுவில் போட்டிருந்தேன். இரண்டு சுவர்களுக்கு நடுவே ஒலி போய்த் திரும்பும்போது, அறையின் நீளத்தைப் பொறுத்து ஒரு குறிப்பிட்ட அலைவரிசையில் அது நகராத அலையாக நின்றுவிடும். 14 அடிக்கு அது சுமார் 40 ஹெர்ட்ஸ். அந்த அலைவரிசையில் சுவர் ஓரத்தில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், நட்டநடுவில் சுத்தமாகச் செத்துப்போகும். பெட்டியை எந்த மூலைக்குத் தூக்கிப் போனாலும் நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த 40 கேட்காது. பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ் என்று நினைத்துப் பார்த்தால் நான் எதை இழந்துகொண்டிருந்தேன் என்பது புரியும். சோஃபாவை இரண்டடி பின்னால் தள்ளினேன். செலவு ஒரு பைசா இல்லை. அன்று ராத்திரி முதல் தடவையாக அந்தத் தந்தி என் வீட்டில் கேட்டது.

அமெரிக்க விமர்சனங்களைப் படித்துவிட்டு வாங்குபவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே நிறைய வீடுகள் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் வைத்துக் கட்டியவை. பேஸில் ஒரு பகுதி அந்தச் சுவர் வழியே கசிந்து போய்விடும். நம் வீடு செங்கல் சுவர், கான்கிரீட் தளம், டைல்ஸ் தரை. உள்ளே விட்ட பேஸ் உள்ளேயே சுற்றும். அதனால் சின்னப் பெட்டிக்கே நமக்கு நிறையக் கிடைக்கும். அதே காரணத்தால் ஓரிடத்தில் குமுறும், இன்னோர் இடத்தில் காணாமல் போகும். அங்கே பன்னிரண்டு இன்ச் இல்லாமல் முடியாது என்று எழுதும் அளவுள்ள அறைக்கு இங்கே பத்தே போதும் என்பது என் அனுபவம்.

அடுத்தது பெட்டிக்கு இடம் தேடும் வேலை. பெட்டியைத் தூக்கி சோஃபாவின் மேல், நான் உட்காரும் இடத்தில் வைத்தேன். பேஸ் கிட்டார் தனியாகக் கேட்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவர் ஓரமாகத் தரையோடு காதை வைத்தபடி தவழ்ந்தேன். எந்த இடத்தில் எல்லாத் தந்தியும் ஏறக்குறைய ஒரே அளவில் கேட்கிறதோ, அதுதான் பெட்டிக்கான இடம். என் மகளும் கூடவே தவழ்ந்தாள். பால்கனிக் கதவுக்குப் பக்கத்தில் நின்று "இங்கதான்பா நல்லா இருக்கு" என்று அவள்தான் முதலில் சொன்னாள். வலதுபக்கச் சுவரில், முன் மூலையிலிருந்து மூன்றடி தள்ளி. ஆறு வருஷமாகப் பெட்டி அங்கேதான் இருக்கிறது.

ரிசீவர் செட்டிங்கில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தானாக அளக்கும் வசதியை, ஆடிஸியோ ஒய்.பி.ஏ.ஓ.வோ எது இருந்தாலும், மைக்கைக் காது உயரத்தில் நிறுத்தி ஓடவிடுங்கள். முடிந்ததும் ஸ்பீக்கர்கள் எல்லாம் 'ஸ்மால்' (பேஸை சப்புக்கு விட்டுவிடும்) என்று இருக்கிறதா, க்ராஸ்ஓவர், அதாவது எதற்குக் கீழே சத்தம் சப்புக்குப் போகும் என்ற எல்லை, 80 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் பின்னால் உள்ள க்ராஸ்ஓவர் திருகை முழுக்க மேலே ஏற்றிவிடுங்கள். அந்த வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். எட்டடியில் இருக்கும் சப்பைப் பதின்மூன்று அடி என்று ரிசீவர் காட்டலாம். அதைத் திருத்த வேண்டாம். பெட்டிக்குள் ஆகும் தாமதத்தையும் சேர்த்துத்தான் அது கணக்குப் போட்டிருக்கிறது.

சரியாக அமைந்துவிட்டதா என்று பார்க்க நான் வெடிச் சத்தம் எதையும் போடுவதில்லை. மிருதங்கத் தனி ஒன்றைப் போடுவேன். தொப்பி எனும் இடதுபக்கத்திலிருந்து கும்கி என்ற தாழ்ந்த நாதம் எழும்போது, அது மிருதங்கம் இருக்கும் இடத்திலிருந்தே வர வேண்டும். பால்கனிக் கதவுப் பக்கம் யாரோ தனியாகத் தட்டுவது போல இருந்தால் சப்பின் அளவு அதிகம் என்று அர்த்தம்.

வாங்கி நாலைந்து மாசம் இருக்கும். கீழ் வீட்டு அக்கா மாடிப்படியில் நிறுத்தினார். "தம்பி, உங்க வீட்ல ராத்திரி கிரைண்டர் ஏதும் ஓட்றீங்களா?" என்றார். இல்லை என்றேன். "சத்தம்னு ஒண்ணும் கேக்கல. கட்டில் லேசா நடுங்குது. அம்மாவுக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அன்று சாயங்காலமே அவர் அனுமதியோடு அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, மேலே என் மனைவியைப் படத்தைப் போடச் சொன்னேன். அந்தப் பாட்டியின் கட்டில் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு, அதன்மேல் கவிழ்த்த டம்ளர். வசனம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டம்ளர் மட்டும் சொம்பின் விளிம்பில் 'ணிணிணி' என்று நடுங்கியது. எண்பது வயதுப் பாட்டியின் தலைமாட்டில் இத்தனை மாசமாக இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன் என்பது என்னை ரொம்பவே உறுத்தியது.

சமையலறை வேலையில் மிச்சமான கிரானைட் துண்டு ஒன்று பால்கனியில் கிடந்தது. தடித்த ரப்பர் மேட்டை நாலு துண்டாக வெட்டிக் கீழே கொடுத்து, மேலே கிரானைட், அதன்மேல் பெட்டி. மறுபடி கீழே போய்ப் பார்த்தேன். டம்ளர் நடுக்கம் நன்றாகக் குறைந்திருந்தது, ஆனால் முழுக்கப் போகவில்லை. தரை வழியாக இறங்கும் அதிர்வைத்தான் ரப்பர் தடுக்கும். காற்று வழியாகத் தளத்தை அசைப்பதை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். ஒன்பதரை மணிக்கு மேல் சப்பின் அளவு 8 டெசிபல் கீழே, ரிசீவரில் பெரிய சத்தங்களை அடக்கும் நைட் மோட். அக்கா அதற்கப்புறம் ஒரு முறைகூடப் புகார் சொன்னதில்லை. ஃபிளாட்டில் இருப்பவர்கள் சப் வாங்கிய அன்றே கீழ் வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிடுங்கள்.

நம் வீட்டுக்குள்ளேயும் நடுங்கும் சாமான்கள் இருக்கும். போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் ஒன்றைப் போட்டு, ரிசீவருடன் இணைத்து, 20 ஹெர்ட்ஸிலிருந்து 100 வரை மெதுவாக ஏற்றினேன். 43இல் ஷோகேஸ் கண்ணாடி, 58இல் ஜன்னல் கொக்கி, 70 தாண்டியதும் பீரோ கைப்பிடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு ஃபெல்ட். பேஸ் கொரகொரவென்று இருக்கிறது என்று பெட்டியைச் சந்தேகப்படும் முன் இதைச் செய்து பாருங்கள்.

கோளாறு வந்தது 2022 நவம்பர் மழையில். முதலில் 'டப் டப்' என்று விட்டுவிட்டு ஒரு சத்தம், இரண்டு நாளில் முழு அமைதி. வாரன்ட்டி முடிந்திருந்தது. சர்வீஸ் சென்டரில் போர்டை அப்படியே மாற்ற வேண்டும், 6,500 ரூபாய், ஒரு மாசம் ஆகும் என்றார்கள். பின்பக்க ஆம்ப்ளிஃபயர் தட்டை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். மாடியில் சின்னக் கடை. மெக்கானிக் விளக்கடியில் பிடித்து, "சார், இங்க பாருங்க" என்று காட்டினார். இரண்டு கெப்பாசிட்டர்களின் தலை பூரி போல உப்பியிருந்தது. 85 டிகிரி என்று அச்சிட்டிருந்ததை எடுத்துவிட்டு 105 டிகிரி தாங்கும் கெப்பாசிட்டர்களைப் போட்டார். 400 ரூபாய். போர்டின் ஓரத்தில் வெள்ளையாகக் காய்ந்த பல்லிமுட்டை ஓடுகளும் இருந்தன. போர்ட் வழியாகத்தான் பல்லி போயிருக்க வேண்டும். அதிலிருந்து, ஓடாத நேரத்தில் போர்ட்டைக் கொசுவலைத் துணியால் மூடிவைக்கிறோம். படுக்கும் முன் சுவிட்சை அணைக்கிறோம். ஆட்டோ ஸ்டாண்ட்பையில் நாளெல்லாம் சூடாகவே விடுவதில்லை.

உறுமல் சத்தம் வந்தால் முதலில் கேபிள் டிவி வயரைப் பிடுங்கிப் பாருங்கள். எங்களுக்கு அதோடு நின்றுவிட்டது. எல்லாவற்றையும் ஒரே சுவிட்ச் போர்டுக்கு மாற்றியதும் பிறகு வரவில்லை. எர்த் பின்னை உடைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உயிருக்கே ஆபத்து. சப்புக்கென்று தனியாக விற்கும் விலை உயர்ந்த வயரும் தேவையில்லை. கேபிள் டிவிக்காரர் போடும் ஆர்.ஜி.6 வயர் ஐந்து மீட்டரும் இரண்டு முனைகளும்தான் ஆறு வருஷமாக என்னிடம் ஓடுகிறது.

இந்தப் பெட்டியால் முடியாததும் உண்டு. 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே இது இறங்காது. போர்ட் வைத்த பெட்டி அதன் எல்லையைத் தாண்டியதும் சட்டென்று கைவிட்டுவிடும். பெரிய படங்களில் தரை பிளக்கும் காட்சியில் அடியில் இன்னும் ஏதோ இருக்கிறது என்று தெரியும், அது நம்மை வந்து சேராது. அழுத்திக் கேட்டால் போர்ட்டிலிருந்து 'புஸ்' என்று காற்று வரும். நான் கேட்கும் பாட்டுக்கு இந்தக் குறை தெரிவதே இல்லை. பாட்டு மட்டும்தான், அறையும் சின்னது என்றால் போர்ட் இல்லாமல் அடைத்த எட்டு இன்ச் பெட்டியே எடுத்துக்கொள்ளலாம். அதன் பேஸ் இன்னும் இறுக்கமாக இருக்கும். ஹால் திறந்த சாப்பாட்டு அறையோடு சேர்ந்திருந்தால் அந்த இடம் மொத்தத்தையும் சப்தான் நிரப்ப வேண்டும். அங்கே பத்து இன்ச் திணறும்.

போன வாரம் திருநெல்வேலியிலிருந்து மச்சான் போன் செய்து, எந்த மாடல் வாங்கலாம் என்று கேட்டார். முதலில் ஹாலைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். சோஃபா பின்சுவரோடு ஒட்டியிருந்தது, பக்கத்தில் சாப்பாட்டு அறை திறந்து கிடந்தது. சோஃபாவை ஒன்றரை அடி முன்னால் இழுக்கச் சொல்லியிருக்கிறேன். நேற்று டேப் வைத்து அளந்து அனுப்பினார்: இரண்டும் சேர்ந்து 23 அடி. அவருக்குப் பன்னிரண்டு இன்ச்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது சேர்ந்து கடைக்குப் போகிறோம்.