முதல் நாவிஸ்: ட்வெசல்டவுனா, ஆஸ்டனா, பார்பரியா?

ஈவென்டிங்கில் (டிரெஸ்ஸாஜ் என்ற நடைப் பயிற்சி, ஷோ ஜம்பிங் என்ற அரங்கத் தடைதாண்டல், கிராஸ் கன்ட்ரி என்ற வெளிநிலத் தடையோட்டம் மூன்றும் சேர்ந்த குதிரைப் போட்டி) பிஇ 100 என்ற பிரிட்டிஷ் ஈவென்டிங் மட்டத்தில் சில போட்டிகளைச் சுத்தமாக முடித்த குதிரை கையில் இருக்கிறது. அதற்கு அடுத்த மட்டம் நாவிஸ். பிரிட்டனில் மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை வாரக்கடைசிதோறும் எங்காவது ஈவென்டிங் போட்டி உண்டு. முதலில் எதற்குப் பெயர் கொடுப்பது? லாயத்தில் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பெரும்பாலும் கிடைக்கும் யோசனை, "எங்கே தடை சின்னதாக இருக்கிறதோ அங்கே போ" என்பது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தடையின் உயரத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். அது நிற்கிற மண்ணையும் மேடு பள்ளத்தையும் பார்க்கிறவர்கள் குறைவு. முதல் நாவிஸைக் கெடுப்பது பெரும்பாலும் அந்த மேடு பள்ளம்தான்.

உயரத்தை முதலில் பேசி முடித்துவிடலாம். 100இல் கிராஸ் கன்ட்ரி தடை 1.00 மீட்டர், ஷோ ஜம்பிங் 1.05. நாவிஸில் 1.10, 1.15. மேலே பிரஷ் (புதர்க்கிளை) வைத்த தடை 1.30 வரை போகலாம். அதன் மேல்பகுதியை உரசிக்கொண்டே தாண்டலாம் என்பதால் அது கண்ணுக்குத்தான் மிரட்டல். 100இல் திணறாத குதிரைக்கு இந்தப் பத்து சென்டிமீட்டர் ஒரு பொருட்டே இல்லை. (இணையத்தில் அமெரிக்கர்கள் எழுதும் நாவிஸ் ஆலோசனையை இங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம். அவர்கள் ஊர் நாவிஸ் 90 சென்டிமீட்டர்தான்.)

மாறுவது வேறு இரண்டு. ஒன்று வேகம்: நிமிடத்துக்கு 475 மீட்டர் என்பது 520 ஆகிறது. மற்றொன்று, தடைகள் தனித்தனியாக வராமல் கோத்து வருவது. தண்ணீரிலிருந்து ஏறி, மூன்று பாய்ச்சலில் ஒரு கார்னர் (முக்கோணத் தடை). அல்லது கழி, பள்ளம், கழி என்று காஃபின். இதைக் காலால் நடந்து அளக்கும்போதுதான் நிலத்தின் வேலை தெரியும். கேன்டர் என்ற மிதமான ஓட்டத்தில் குதிரையின் ஒரு பாய்ச்சல் ஏறத்தாழ 3.6 மீட்டர், நாம் எடுத்துவைக்கும் எட்டில் (காலடியில்) நான்கு. முதல் தடையிலிருந்து தரையிறங்க இரண்டு எட்டு, அடுத்ததற்கு எழும்ப இரண்டு எட்டு, நடுவே மூன்று பாய்ச்சலுக்குப் பன்னிரண்டு. ஆகப் பதினாறு எட்டு வந்தால் மூன்று பாய்ச்சல். சமதரையில் இந்தக் கணக்கு அவ்வளவாகப் பிசகாது. அதே பதினாறு எட்டு இறக்கத்தில் இருந்தால் குதிரையின் நடை நீண்டு, மூன்றாவது பாய்ச்சலுக்கு இடமில்லாமல் தடையின் மேலேயே போய் இடிக்கும். ஏற்றத்தில் இருந்தால் நடை சுருங்கி நாலாவதைச் செருகப் பார்க்கும். ஓட்டப்பாதையின் வரைபடத்தில் மூன்றும் ஒரே மாதிரிதான் தெரியும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மைதானங்களுக்கு வருவோம்.

பார்பரி காசில் வில்ட்ஷயரில், மார்ல்பரோ டவுன்ஸ் என்ற சுண்ணாம்புக் குன்றுகளில் இருக்கிறது. மேலே இரும்புக்காலக் கோட்டை மேடு, கீழே பழம்புல் தரை. ஓரிடத்தில் நின்றே ஓட்டத்தின் பெரும்பகுதியைப் பார்த்துவிடலாம், அதனால் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு இந்த இடத்தின் மேல் தனிப் பிரியம். புல்லும் அருமை. நீள நடையும் நல்ல மூச்சும் உள்ள தரோபிரெட் என்ற பந்தய இன வகைக் குதிரைக்கு இங்கே 520 வேகம் தானாகவே வரும். ஆனால் ஏற்றத்தில் மூச்சு வாங்கிய குதிரை இறக்கத்தில் முன்னங்கால் மேல் சாய்ந்துகொண்டு கையை இழுக்க ஆரம்பிக்கும். அந்த நேரம் பார்த்துக் கோத்த தடை வந்தால், ஓட்டுகிறவர் கடிவாளத்தோடு மல்லுக்கட்டுவதா, தடைக்குப் போகும் நேர்கோட்டைப் பிடிப்பதா? புதிதாக நாவிஸுக்கு வருகிற ஜோடிக்கு இரண்டையும் ஒன்றாகச் செய்ய வராது. க்ளோஸ்டர்ஷயரின் காட்கோம் பார்க் இன்னும் செங்குத்து. இளவரசி ஆன் வீட்டு நிலத்தில் தாவினோம் என்று சொல்லிக்கொள்ள ஆசை எல்லாருக்கும் இருக்கும் (அவரே 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஈவென்டிங் ஓட்டியவர்). அந்த ஆசையைக் கொஞ்சம் தள்ளிப்போடலாம்.

ட்வெசல்டவுன் இதற்கு நேர் எதிர். ஹாம்ஷயரில் ஃப்ளீட் ஊருக்குப் பக்கத்தில், ராணுவ நிலத்தில் இருக்கும் பழைய பந்தய மைதானம். 1948 லண்டன் ஒலிம்பிக்கின் ஈவென்டிங் ஓட்டத்தைக் கண்ட இடம். மணல் தரை என்பதுதான் இதன் பெரிய பலம். களிமண் மைதானங்கள் சேறாகிக் கிடக்கும் வசந்தகாலத்திலும் இங்கே தண்ணீர் இறங்கிவிடும், குளம்பு வழுக்காது. சிறு மேடுகள் உண்டு, மூச்சை வாங்குகிற குன்று என்று சொல்ல முடியாது. மரக்கூட்டத்துக்குள் நுழைந்து நுழைந்து வெளிவரும் பாதை, நிறையத் திருப்பங்கள். குறித்த நேரத்துக்குள் முடிப்பது கடினம் என்று இதைக் குறை சொல்வார்கள். முதல் நாவிஸுக்கு அது குறையே இல்லை என்பேன்: ஒவ்வொரு திருப்பமும் குதிரையைப் பின்னங்காலில் உட்காரவைத்து, நமக்கு ஒரு கணம் யோசிக்க இடம் கொடுக்கிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வெயிலிலிருந்து நிழலுக்குள் தாவச் சொல்லும் தடை. மனிதக் கண்ணைவிடக் குதிரையின் கண் இருட்டுக்குப் பழக அதிக நேரம் எடுக்கும். அந்தத் தடைக்குக் கொஞ்சம் வேகம் குறைத்து, காலால் நன்றாக அழுத்தி வர வேண்டும். மிரளுகிற குதிரை என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே வேறு இடம் தேடலாம்.

நார்த்தாம்ப்டன்ஷயரின் ஆஸ்டன்-லெ-வால்ஸ் பற்றி லாயத்தில் கேட்டால், "அங்கே அளவுகோலில் ஒரு சென்டிமீட்டர் விடமாட்டார்கள்" என்பார்கள். உண்மைதான், தடைகள் முழு உயரத்தில்தான் நிற்கும். பலர் இதனாலேயே ஒதுங்குகிறார்கள், நான் ஒதுங்கமாட்டேன். பெரிய, தடித்த, தரையில் எங்கே தொடங்குகிறது என்ற கோடு தெளிவாகத் தெரிகிற தடை குதிரைக்குப் படிக்கச் சுலபம். ஒல்லியான கழியைச் சரிவில் 1.05இல் வைத்துவிட்டு "சின்னதுதானே" என்று சொல்வதைவிட இது நியாயமானது. இங்கே இன்னொரு வசதியும் உண்டு. ஆண்டில் பலமுறை போட்டி நடப்பதால் நிறையக் குதிரைகள் 100க்குக் கீழ் மட்டமான 90ஐயும் 100ஐயும் இங்கேயே ஓடியிருக்கும். தெரிந்த தண்ணீர், தெரிந்த வாசல், தெரிந்த லாரி நிறுத்தம் என்றால் பதற்றத்தில் பாதி குறைந்துவிடும். உங்கள் குதிரை வேறொரு மைதானத்தில் 100 ஓடிப் பழகியிருந்தால், அங்கே நாவிஸும் நடக்கிறதா என்று முதலில் பாருங்கள். எனக்கு மற்ற எல்லாக் கணக்கையும்விட இந்தப் பழக்கம் பெரிது.

கேம்பிரிட்ஜ்ஷயரில் ஈலிக்குப் பக்கத்து லிட்டில் டவுன்ஹாம், ஃபென்ஸ் என்ற சமவெளியில் இருக்கிறது. தட்டை நிலம் என்பதால் பதினாறு எட்டுக் கணக்கு அப்படியே செல்லும். மந்தமான குதிரைக்கு நல்ல இடம். கை மீறி இழுத்துக்கொண்டு ஓடும் குதிரைக்கு அவ்வளவாக இல்லை, ஏனென்றால் அதன் வேகத்தை வாங்கிக்கொள்ள ஒரு மேடு இருக்காது.

இடம் முடிவானாலும் பெயர் கொடுக்கும் படிவத்தில் சறுக்கலாம். ஓபன் நாவிஸா, ரெஸ்ட்ரிக்டட் நாவிஸா என்று ரொம்பக் குழம்ப வேண்டாம். பொதுவாகத் தாவப்போவது அதே தடைகள், தொழில்முறை ஆட்கள் எந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம். பரிசு ரிப்பனில் ஆசை இருந்தால் ரெஸ்ட்ரிக்டட். ஆனால் இன்டர்மீடியட் நாவிஸ் என்று ஒரு பிரிவு உண்டு, அதைத் தவறிக்கூடத் தொடக் கூடாது: கிராஸ் கன்ட்ரி நாவிஸ்தான், ஷோ ஜம்பிங் ஒரு படி மேல். சிசிஐ இரண்டு நட்சத்திரப் போட்டியின் உயரமும் இதே 1.10 என்பதால் சிலருக்குச் சபலம் வரும். அது சர்வதேசப் போட்டி, தகுதி ஓட்டங்கள் முடித்த பிறகு போகிற இடம்.

என் வரிசை இது. பழகிய மைதானம் இருந்தால் அதுதான் முதல். இல்லையென்றால், கனத்த உடம்பும் பலமான இழுப்பும் உள்ள குதிரைக்கு ட்வெசல்டவுன். தைரியமாகத் தாவும், ஆனால் அனுபவம் குறைந்த குதிரைக்கு ஆஸ்டன். சோம்பல் குதிரைக்கு லிட்டில் டவுன்ஹாம். பார்பரி நாலாவதோ ஐந்தாவதோ ஆகட்டும்.

எங்கே போனாலும் கடிகாரத்தை வீட்டில் வைத்துவிடலாம். பாதை 2,600 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 520 வேகத்தில் சரியாக 5 நிமிடம். பழைய 475 வேகத்திலேயே ஓடினால் 5 நிமிடம் 28 வினாடி. தாமதித்த வினாடிக்கு 0.4 வீதம் 11.2 பெனால்டி. குதிரை ஒரே ஒரு முறை நின்றாலும் 20 போய்விடும். அதே தடையில் மறுபடி நின்றால் 40, மூன்றாவது முறை நின்றால் வெளியேற்றம். தெரிந்த வேகத்தில் ஓடி 11.2ஐக் கொடுத்துவிட்டு வருவது லாபம்.

கடைசியாக ஒன்று. ஒருநாள் போட்டியில் டிரெஸ்ஸாஜுக்கு அடுத்து ஷோ ஜம்பிங், அதன் பிறகே கிராஸ் கன்ட்ரி. இந்த வரிசை நமக்குச் சாதகம். ஒரு கழி, இரண்டு கழி விழுந்தால் பரவாயில்லை, போகலாம். நாலு கழி விழுந்து, குதிரை ஒவ்வொரு தடைக்கும் கண்ணை விரித்துக்கொண்டு வந்தது என்றால், அலுவலகத்தில் போய்ப் பெயரை எடுத்துவிட்டு லாரியில் ஏற்றுங்கள். கட்டிய பணம் போகும். ஒரு மாதம் 100இலேயே ஓட்டிவிட்டு மறுபடி பெயர் கொடுத்துக்கொள்ளலாம்.