சீனியா வெயிலா? வளவில் விழும் பழங்களை வைத்து ஒரு கணக்கு

யாழ்ப்பாணத்தில் காசு கொடுக்காமல் பொறுக்கக்கூடிய பழங்களில் பானத்துக்கும் சேமிப்புக்கும் தோதானவை என்று நான் நினைப்பது நான்கு: நாவல், நெல்லி, விளாம்பழம், பனம்பழம். இலந்தையும் ஈச்சம்பழமும் பொறுக்கிய இடத்திலேயே தின்று முடிக்க வேண்டியவை. வன்னியிலிருந்து பாலைப்பழம் வந்தால் உதட்டில் ஒட்டும் பாலோடு அப்படியே தின்றுவிடுவதுதான் அதற்குச் செய்யும் மரியாதை. அதைப் போய் ஏன் காய்ச்ச வேண்டும்?

இந்த நான்கில் எது ருசி, எது சத்து என்று ஒப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். எனக்குச் செலவுக் கணக்குத்தான் முக்கியம். பழம் இனாம், சரி. அதைக் கெடாமல் வைப்பதற்கு என்ன கொடுக்கிறோம்? ஒன்று சீனியும் சமையல் காஸும் கொடுக்க வேண்டும், அல்லது வெயிலும் உடம்புப் பாடும் கொடுக்க வேண்டும். சீனி விற்கிற விலையில் இந்தக் கணக்கைப் போட்டால் நாம் வழக்கமாகச் சொல்லும் வரிசை தலைகீழாகிவிடும்.

நாவலில் தொடங்குவோம், நான்கிலும் பொறுமை இல்லாத பழம் அதுதான். விழுந்த மறுநாளே நொதிக்கப் பார்க்கும். 'சுட்ட பழமா, சுடாத பழமா' என்று ஔவையாரிடம் கேட்ட கதை நமக்கெல்லாம் தெரியும். மண்ணை ஊதித் தின்னலாம், ஊதிச் சாறு பிழிய முடியாது. மரத்தடியில் பழைய சாரம் ஒன்றை விரித்துக் கொப்பை உலுக்குவதே சரியான வழி. கழுவிய பழத்தைக் கொஞ்சத் தண்ணீரோடு மெல்லிய நெருப்பில் வைத்து, தோல் வெடித்ததும் கையால் மசித்துச் சீலைத் துண்டில் வடிக்க வேண்டும். கொட்டையை நசுக்கினால் கயர்ப்பு ஏறிவிடும். வடித்த சாறு முதலில் மங்கலான ஊதா நிறத்தில்தான் இருக்கும். அதில் அரைத் தேசிக்காயைப் பிழிந்து பாருங்கள், கண் முன்னாலேயே பளிச்சென்று சிவக்கும். பிள்ளைகளைக் குடிக்க வைக்க இந்த வித்தை ஒன்றே போதும். ஆனால் பிரிஜ்ஜில் வைத்தாலும் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். அதற்குப் பிறகு போத்தலைத் திறக்கும்போது 'உஸ்' என்று சத்தம் கேட்டால் அது நாவல் சாறு என்ற எல்லையைத் தாண்டிவிட்டது, ஊற்றிவிடுங்கள். ஆகவே நாவல் அன்றன்றைய பானம். நாள்பட வைக்க விரும்பினால் சாறின் அளவுக்குச் சீனி கொட்ட வேண்டும், அப்போது இனாம் பழம் இனாமாக இருக்காது.

நெல்லியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. குடாநாட்டில் காட்டுநெல்லி பொறுக்கக் கிடைப்பது அருமை. வன்னிப் பக்கம் உறவினர் இருந்தால் ஒரு பை வரும். புளிப்பு அதிகம் என்பதால் சாறு இலகுவில் கெடாது, அது நெல்லியின் பெரிய பலம். அவித்து, கொட்டை நீக்கி, வடித்து, சீனிப் பாகில் சேர்த்தால் வேலை முடிந்தது. இரும்புச் சட்டியில் மட்டும் அவிக்காதீர்கள். நெல்லியின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்தால் சாறு கறுத்து மை மாதிரி ஆகிவிடும்; மண்சட்டியோ சில்வர் சட்டியோ நல்லது. ஆனால் ஒன்று, தோலகட்டி ஆச்சிரமத்தார் காலங்காலமாக நெல்லி ரசமும் முந்திரிகை (திராட்சை) ரசமும் செய்து விற்கும் ஊரில் இருந்துகொண்டு, கடைக் காய் வாங்கி, கடைச் சீனி வாங்கி வீட்டில் நெல்லி ரசம் காய்ச்சுவதில் எனக்குப் பெரிய நியாயம் தெரியவில்லை. போய் ஒரு போத்தல் வாங்கி வரலாம்.

உண்மையான போட்டி விளாம்பழத்துக்கும் பனம்பழத்துக்கும்தான்.

விளாம்பழத்துக்கு முதல் வசதி அதன் ஓடு. இயற்கையே தகரத்தில் அடைத்துக் கொடுத்தது போல, விழுந்த பழமும் நாள்கணக்கில் இருக்கும். இன்றைக்கு இரண்டு, நாளைக்கு மூன்று என்று சேர்த்து வைத்து, ஆறுதலாக ஒரு நாள் வேலையைத் தொடங்கலாம். பழுத்ததா என்று பார்க்க முழங்கால் உயரத்திலிருந்து நிலத்தில் போட்டுப் பாருங்கள். காய் துள்ளும், பழம் 'தொப்' என்று விழுந்த இடத்திலேயே கிடக்கும். மூக்கும் பொய் சொல்லாது. காயாக இருந்தால் வெயிலில் போட்டு வைத்தால் பழுக்கும்.

பானத்துக்கு இதை மிஞ்ச ஒன்றுமில்லை என்பது என் கட்சி. உள்ளிருப்பதைச் சுரண்டித் தண்ணீர் விட்டுக் கையால் கரைத்து, நாரும் விதையும் போக அரிதட்டில் வடித்து, ஓலைக் குட்டானிலிருந்து பனங்கட்டி ஒரு துண்டு உடைத்துப் போட்டு, தேங்காய்ப்பால் கொஞ்சம், உப்பு ஒரு சிட்டிகை. மத்தியான வெயிலில் சைக்கிளில் வந்தவருக்கு இதைக் கொடுத்துப் பார்த்தால் தெரியும். சீனி போட்டாலும் குடிக்கலாம்தான், ஆனால் பனங்கட்டியின் மணம் விளாம்பழப் புளிப்போடு சேருவது தனி.

ஜாமுக்கும் தோதுதான். ஜாமை உறைய வைக்கும் பெக்டின் இந்தப் பழத்தில் தாராளம், புளிப்பும் போதிய அளவு உண்டு, எனவே கடையில் எதுவும் வாங்கிச் சேர்க்கத் தேவையில்லை. கூழின் எடைக்குச் சமமாகச் சீனி போட்டுக் கிண்டி, ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டுத் தட்டைச் சரித்தால் ஓடாமல் நிற்க வேண்டும். பதம் நெருங்கும்போது கூழ் 'பொளக் பொளக்' என்று வெடித்துக் கையில் தெறிக்கும், நீளப் பிடி அகப்பை இல்லாமல் பக்கத்தில் போகாதீர்கள். ஆனால் கணக்கு இங்கேதான் உதைக்கிறது. ஒரு கிலோ கூழுக்கு ஒரு கிலோ சீனி, அதற்கு மேல் காஸ். பழம் இனாம் என்ற பெருமை சீனிக் கடை வாசலோடு சரி.

பனம்பழத்துக்குச் சீனி வேண்டாம். அது கேட்பது வெயிலும் ஆளும்.

ஆடி பிறந்தால் புரட்டாதி வரை பனம்பழம் விழும். ஐப்பசியில் மழை பிடித்துவிடும். அதாவது பழம் விழும் காலமும் நல்ல காய்ச்சல் வெயிலும் இதற்கு ஒன்றாக வருகின்றன. பனம்பழக் களியை வெயிலில் காயவைத்து எடுக்கும் பனாட்டு என்ற பண்டம் இந்த மண்ணில் பிறந்ததற்குக் காரணம் வேறு தேட வேண்டாம். பொறுக்குவதற்கு விடியவே போக வேண்டும், பிந்தினால் மாடு முந்திவிடும். அடுத்தவர் வளவென்றால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பொறுக்குங்கள். முகமாலைப் பக்கம் பனை வடலிகளுக்குள் இறங்குகிறவர்கள் மிதிவெடி எச்சரிக்கைப் பலகையைத் தாண்டவே கூடாது. எந்தப் பழமும் ஒரு காலுக்கு ஈடில்லை.

தோலை உரித்து, விதையைப் பிரித்து, சிறிது தண்ணீர் தெளித்துப் பிசைந்து பிசைந்து களியை எடுக்க வேண்டும். முழங்கை வரை மஞ்சள், நகத்துக்குள் தும்பு, வீடெல்லாம் மணம். இந்த மணம் பிடிக்காதவர்கள் இந்த வேலைக்கு வரவே வேண்டாம். அடுத்தது கைப்பு. ஃபிளாபெலிபெரின் என்ற பொருளால் வருவது இது, மரத்துக்கு மரம் மாறும். ஒரு கைத்த பழம் சேர்ந்தால் முழுக் களியும் கெட்டது. "பிள்ளை, நாக்கில வைச்சுப் பாக்காமப் பாயில ஊத்தாத" என்று பக்கத்து வீட்டு மாமி சொல்வார். அவர் ஒவ்வொரு பழத்தையும் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துத்தான் சட்டிக்குள் விடுவார். எந்த மரம் கைக்கும் என்பது அவருக்கு மனப்பாடம்.

களியை வடித்து, பந்தலில் கட்டிய ஓலைப்பாயில் மெல்லியதாகப் பரப்பி, காய்ந்ததும் அதன் மேல் அடுத்த நாள் களி, அதன் மேல் மறுநாள் களி. தடிப்பு வரும்வரை இப்படியே. நடுவில் ஒரு மழை பெய்தால் பாயோடு தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சரிப்படாது, அதை ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும். பஞ்சிப்படுகிறவர்களுக்கும் சரிப்படாது. ஆனால் உரித்தெடுத்த பனாட்டில் ஒரு கரண்டி சீனி இல்லை, ஒரு நிமிடக் காஸ் இல்லை, மாதக்கணக்கில் இருக்கும். வாய்க்கு ருசியாக வேண்டுமென்றால் துண்டு போட்டுப் பனம்பாணியில் ஊற வைத்த பாணிப்பனாட்டு. மீந்த விதைகளைப் பாத்தி போட்டால் தை மாசியில் கிழங்கு, கிழங்கைக் காயவைத்தால் ஒடியல். வேறெந்தப் பழத்தின் கொட்டை இப்படி இரண்டாம் தடவை சோறு போடுகிறது?

பானம் என்று வந்தால் மட்டும் பனம்பழம் தோற்றுவிடும். கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனமும், 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையும் இருப்பதால் தண்ணீரில் கலந்து குடிக்கும் பனம்பழக் கோடியல், ஜாம் எல்லாம் வந்திருக்கின்றன. வீட்டில் செய்கிறவர்கள் களியில் புளிப்பு இல்லை என்பதை மறக்கக் கூடாது. ஜாம் காய்ச்சினால் தேசிக்காய்ப் புளி விட்டே ஆக வேண்டும். எனக்கென்றால் மிஞ்சிய களி பணியாரத்துக்குத்தான்.

ஆகவே வீட்டில் பகலில் ஆள் இருந்தால், முற்றத்தில் வெயில் விழுந்தால் பனாட்டுப் போடுங்கள். சனி ஞாயிறு மட்டும் கிடைக்கிறவர்கள் விளாம்பழத்தைச் சேர்த்து வையுங்கள். முதன்முறை பனாட்டுப் போடுகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். முன்பு பனாட்டை அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள், புகை பட்டுப் பூச்சி அண்டாது. இப்போது காஸ் அடுப்பில் புகை ஏது? அதனால் மழைக்காலம் முடிந்து தை வெயில் வந்ததும் எடுத்து ஒருமுறை காயப்போட்டு, ஈரமில்லாத மூடல்பெட்டியில் திரும்ப அடுக்கிவிடுங்கள்.