செவலைக்கு வாங்கிய ஃப்ளை ரக்: வலை தங்கம், வெல்க்ரோ நாசம்

கோவில்பட்டி நண்பன் போன வாரம் போனில் கேட்டான்: "அந்த ஃப்ளை ரக் விலை இறங்கியிருக்கு, வாங்கட்டா?" ஃப்ளை ரக் என்றால் பூச்சி கடிக்காமல் குதிரைக்குப் போர்த்துகிற வலைத்துணி. ஆமாம், இல்லை என்று சொல்லி முடிக்க வேண்டிய விஷயம். நான் அதிலுள்ள வெல்க்ரோ ஒட்டுப்பட்டையைத் திட்ட ஆரம்பித்து, அவன் 'சரி, பெறவு பேசுதேன்' என்று வைக்கும் வரை திட்டினேன். அப்படியும் ஆறவில்லை.

எங்கள் லாயம் பாளையங்கால்வாய் ஓரம், சுற்றிலும் வயல். கார் பருவ நெல் நடவுக்குத் தண்ணீர் வந்தால் எங்கள் குதிரை செவலைக்கு அரிப்பு வரும். அடுத்த போகமான பிசானம் முடிந்து வாய்க்கால் காய்ந்தால் அடங்கும். வருஷா வருஷம் இதே கதை. கல்தூணில் உரசி உரசிப் பிடரி முடி கட்டையாகிவிடும், வாலின் அடியில் தோல் உரிந்து ரத்தம் கசியும், அதில் ஈ மொய்க்கும்.

ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டினோம். படர்தாமரை என்றால் வட்ட வட்டமாக முடி கொட்டும், இந்த அளவுக்கு அரிக்காது. மழையில் நனைந்து வரும் பொருக்குப் புண் என்றால், பொருக்கைப் பிய்க்கும்போது முடி கொத்தோடு கையில் வரும். இரண்டும் இல்லை. குலிகாய்டஸ் என்கிற பொடிப்பூச்சிக் கடி, அதன் எச்சில் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் ஆட்டுக்காரர்களுக்கு இந்தப் பூச்சியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கிடையில் நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இந்த இனம்தான். ஊசி போட்டால் அரிப்பு அடங்கும், மருந்தின் வேகம் குறைந்ததும் திரும்பும். ஸ்டீராய்டை இழுத்துக்கொண்டே போனால் குளம்புக்கு ஆபத்து. ஆக, கடிக்க விடாமல் பார்ப்பது ஒன்றுதான் வழி. அப்படித்தான் இந்த ரக் வீட்டுக்கு வந்தது.

வலையைப் பற்றிக் குறை சொல்ல வாய் வராது. இந்தப் பூச்சி ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், சாதாரணக் கொசுவலையில் சாவகாசமாக நுழைந்துவிடும். இதில் கண்ணி அவ்வளவு நெருக்கம். அந்திக்கும் விடியலுக்கும்தான் கடி அதிகம் என்பதால், வெயில் தாழ்ந்ததும் மாட்டி, காலையில் வெயில் ஏறியதும் கழற்றிவிடுவோம். வாங்கிய முதல் கார் பருவத்திலேயே வால் புண் ஆறிவிட்டது. இப்போது பிடரியைச் சீவிப் பின்னலே போடலாம். சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டால் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. உடைமுள்ளில் மாட்டி ஓரிரு இடத்தில் கிழிந்தது, ஆனால் கிழிசல் ஓடவில்லை. தெருவே நின்று பார்த்து "அண்ணாச்சி, குதிரைக்கு நைட்டியா மாட்டிருக்கீய?" என்று சிரித்தது. சிரிக்கட்டும்.

இனி வெல்க்ரோ. மார்பில் இரண்டு பட்டை, கழுத்தடியில் மூன்று. குதிரை நிற்கிற இடத்தில் என்ன இருக்கும்? வைக்கோல் தூசி, உதிர்ந்த முடி, மேய்ச்சலில் ஒட்டிக்கொண்டு வரும் நாயுருவி. இத்தனையையும் அந்தக் கொக்கிப் பக்கம் வாரி வாரி வைத்துக்கொள்கிறது. தினமும் ஊக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, முடியைச் சிக்கெடுத்து நோண்ட வேண்டும். ஒருநாள் விட்டால் பிடிப்புப் போய்விடும், ராத்திரியில் கழுத்துப் பக்கம் வாயைப் பிளந்து நிற்கும், பூச்சி உள்ளே புகுந்து வலைக்குள்ளேயே விருந்து சாப்பிடும். அதற்கு மாட்டாமலே இருந்திருக்கலாம்.

அதைவிடக் கொடுமை அந்தச் சத்தம். 'பர்ர்ர்' என்று பிரித்ததும் செவலை காதைப் பின்னால் மடித்துக்கொள்வாள், தோள் தோல் சிலிர்க்கும், ஒரு முன்னங்கால் தரையை விட்டு எழும்பும். ரேக்ளாப் பந்தயத்தில் வேட்டுக்கும் மைக் செட்டுக்கும் அசையாத குதிரை இது. இரண்டு நொடி வெல்க்ரோவுக்கு ஆடிப்போகிறது. மெதுவாகப் பிரித்தால் சத்தம் நீளும், வேகமாகப் பிரித்தால் பெரிதாகும். குதிரைக்குத் துணி தைக்கிறவன் ஒரு தடவையாவது குதிரை பக்கத்தில் நின்று அதைப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டானா? விற்றவர்களுக்கு எழுதினால், தூசி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பதில் வருகிறது. லாயத்தில்!

கடைசியில் பாளையங்கோட்டையில் பை தைக்கிறவர் ஒருவர்தான் கை கொடுத்தார். வெல்க்ரோவை எல்லாம் பிரித்து எறிந்துவிட்டு, ஸ்கூல் பைக்குப் போடும் கிளிப்பும் நாடாவும் வைத்துத் தைத்தார். 'டக்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான். செவலை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர் வாங்கிய கூலியைச் சொன்னால் கம்பெனிக்காரன் வெட்கப்பட வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு எச்சரிக்கை. மழையில் நனைந்த ரக்கை மேலேயே விட்டுவைக்காதீர்கள். ஈரம் நின்றால் மேலே சொன்ன பொருக்குப் புண் வரும், பிறகு குளோர்ஹெக்ஸிடின் என்கிற கிருமிநாசினி ஷாம்பு போட்டு நுரையைப் பத்து நிமிஷம் ஊறவிட்டுக் கழுவ வேண்டியதாகிவிடும். இன்னொன்று, ரக்குக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: அரிப்புக்கு என்று மாட்டுக்கு உண்ணி போக அடிக்கும் அமிட்ராஸைக் குதிரை மேல் தெளிக்கவே கூடாது. குடல் இயக்கம் நின்று வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும்.

கணக்குப் போட்டால் ஐந்துக்கு நான்கு வரும். நான் கொடுப்பது இரண்டு. நண்பனுக்கும் வாங்காதே என்றுதான் சொன்னேன். இந்தப் பூச்சிக்குப் பறக்கும் தெம்பு குறைவு. கரண்ட் உள்ள லாயமாக இருந்தால் நல்ல காற்றாக ஒரு பெரிய ஃபேனை வைத்தாலே பாதிக்கு மேல் கிட்ட வராது. ராத்திரியும் வெளியே கட்டுகிற குதிரை என்றால் வேறு வழியில்லை, ரக்தான். அப்படி வாங்குகிறவர்கள் மார்பின் நடுவிலிருந்து விலா வழியாக வால் அடி வரை டேப் வைத்து அளந்து வாங்குங்கள், ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் தோளில் உராய்ந்து அங்கே தனியாக முடி போகும். காதுக்கும் முகத்துக்கும் உள்ள மூடி தனி விலை. அதிலும் வெல்க்ரோதான்.